இரதி கேட்ட கேள்வி

கண்டியிலிருந்து நுவரெலியா செல்லும் பாதையில் இறம்பொடையைக் கடப்போர் இரண்டு காரணங்களுக்காக வாகனத்தை நிறுத்துகின்றனர். ஒன்று, நீர்வீழ்ச்சி. மற்றையது, சின்மயா மிஷன் மலைச்சரிவில் அமைத்த ஆஞ்சநேயர் ஆலயம். இராமனின் படை தங்கியதால் 'இராம்படை' என வழங்கிய பெயரே மருவிற்று என்று வழிகாட்டிகள் சொல்வர். அங்கிருந்து பேருந்துகள் சீதா எலியாவுக்குச் செல்கின்றன. இராமாயணத் தடம் என்று சுற்றுலாத்துறை வரைந்த வழி இது. பக்தியோடு வருபவர்களிடம் எனக்குப் பிணக்கு எதுவுமில்லை. ஆயினும் அந்தப் பேருந்துகளின் சன்னல்களுக்கு வெளியே தெரியும் தேயிலை மலைகளில் வாழும் மக்களுக்கென்று ஒரு புராணம் உண்டு. அவர்கள் அதைப் படிப்பதோடு நில்லாமல் ஆண்டுதோறும் விரதமிருந்து ஆடுகின்றனர். அதற்காக எந்தப் பேருந்தும் நிற்பதில்லை.

காமன் கூத்தைத்தான் சொல்கிறேன். மாசி மாத அமாவாசைக்குப் பின்னர் கம்பம் நட்டுத் தொடங்கி, காமனை எரித்து, பின்பு அவனை உயிர்ப்பிக்கும் சடங்கோடு நிறைவுறும் கூத்து. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து மன்னார் வழியாக நடந்துவந்தவர்கள் தலைச்சுமையோடு கொண்டுவந்தது. லயத்துக்கு அருகே ஒரு வெட்டவெளி, காமன் பொட்டல். தப்பு ஒலிக்கத் தொடங்கினால் விடியும்வரை ஓயாது. பகலில் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர் இரவில் மன்மதன். மருந்தடிக்கும் வேலை செய்தவர் இரதி. ஆண்தான் இரதி வேடம் கட்டுவது வழக்கம். மீசை மழித்த அந்த முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த சிறுவர்கள், புலம்பல் தொடங்கியதும் தாயின் மடியில் ஒடுங்கிக்கொள்வார்கள்.

கதை எல்லோரும் அறிந்தது. தவத்திலிருக்கும் சிவன்மீது மலர்க்கணை தொடுத்த மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிந்தான். ஆனால் கச்சியப்பர் கந்தபுராணத்தில் சொல்லும் ஒரு நுட்பத்தைப் பலர் மறந்துவிடுகின்றனர். மன்மதன் தானாகப் போகவில்லை. தேவர்களின் துயர் தீரச் சிவனுக்குத் திருமணம் நடந்தாக வேண்டும். அதற்காக அவனை அழைத்துப் பணித்தான் பிரமன். முடியாது என்று மன்றாடியவனிடம், போகாவிட்டால் சாபமிடுவேன் என்றான். போனால் சாம்பல், மறுத்தால் சாபம். பணித்தவர்களில் ஒருவர் உடலிலும் தீக்காயம் படவில்லை.

கலைப்பீட மாணவனாக இருந்த காலத்தில் கிரேக்கப் புராணங்களைப் படித்தபோது என்னைத் தொந்தரவு செய்தவையும் இத்தகைய கதைகளே. வேட்டைக்குப் போன அக்டேயன் வழி தவறி, ஆர்ட்டெமிஸ் தேவி நீராடும் சுனையைக் கண்டுவிடுகிறான். தேவி அவனைக் கலைமானாக மாற்றுகிறாள். அவன் வளர்த்த நாய்களே அவனைக் கிழித்துக் கொல்கின்றன. அவன் செய்த பிழை, கண் திறந்திருந்தது. பதினான்கு பிள்ளைகளைப் பெற்றேன் என்று பெருமை பேசிய நியோபி அத்தனை பேரையும் பறிகொடுத்துக் கல்லாகிறாள். அந்தக் கல் இன்னமும் அழுகிறதாம். நம் அகலிகை கல்லானாலும் அவளுக்கொரு விமோசனம் உண்டு. நியோபிக்கு அதுவும் இல்லை.

இவற்றுள் டைரீசியஸ் கதைதான் நம் காமனுக்கு மிக நெருங்கியது. அதீனா தேவி நீராடுவதை அறியாமல் பார்த்துவிட்ட அந்த இளைஞனின் கண்கள் அக்கணமே இருள்கின்றன. அவனுடைய தாய் கரிக்லோவோ தேவியின் உயிர்த்தோழி. இதுவா நம் நட்பு என்று அவள் கதறுகிறாள். அதீனா மனம் இரங்குகிறாள். ஆனால் பார்வையைத் திருப்பித் தரமுடியாது, அது பழைய தெய்வங்களின் சட்டம் என்று கூறிவிடுகிறாள். பதிலாகக் குறிசொல்லும் ஆற்றலையும், ஊன்றி நடக்க ஒரு கோலையும், நெடிய ஆயுளையும் கொடுக்கிறாள். கலிமாக்கஸ் என்ற கவிஞர் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் இதைப் பாடினார்.

இரதிக்குக் கிடைத்ததும் இப்படியொரு ஈடுதான். மன்மதன் உயிர் பெறுவான். ஆனால் அவன் உருவம் அவளுக்கு மட்டுமே தெரியும், மற்றையோருக்கு அவன் அனங்கன், உடலற்றவன். கிரேக்கர்களின் வைகறைத் தேவி ஈயோஸ், தன் மானிடக் காதலன் டித்தோனஸுக்குச் சாகாவரம் கேட்டாள். இளமையைக் கேட்க மறந்தாள். அவன் மூத்து, சுருங்கி, குரல் மட்டுமே எஞ்சிய பிறவியானான். தெய்வங்கள் தரும் வரங்களில் எப்போதும் ஒரு பங்கு குறைந்தே இருக்கிறது.

மலையகத்துக்கு இந்தக் கணக்கு புதிதன்று. 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகளால் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அடுத்த ஆண்டே, 1948இல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தந்தையோ, பாட்டனும் முப்பாட்டனுமோ இந்த மண்ணில் பிறந்ததை நிறுவு என்றது. பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத லயங்களில் யார் எதை நிறுவுவது? தேயிலைக் கணக்கில் இருந்தார்கள், நாட்டின் கணக்கில் இல்லை. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டனர். எஞ்சிய ஒன்றரை லட்சம் பேர் 1974இல் பாதிக்குப் பாதியாகப் பிரிக்கப்பட்டனர். பங்கிடப்பட்டவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை. நாடற்றோர் நிலை சட்டத்தில் முற்றாகத் தீர 2003 வரை காத்திருக்க நேர்ந்தது. காணியும் வீடும் அந்த ஈட்டில் அடங்கவில்லை; இன்றும் பலர் தோட்டத்து லயத்திலேயே உறங்குகின்றனர்.

காமன் கூத்து 1948க்காகக் கட்டப்பட்டதன்று. அதனினும் மிகப் பழையது. புராணத்தை அரசியலோடு பொருத்திப் பார்ப்பது பத்திரிகைக்காரனின் கெட்ட பழக்கம் என்று நண்பர்கள் சொல்வர். இருக்கட்டும். கொண்டுவந்த கூத்துகள் பல. அருச்சுனன் தபசு உண்டு, பொன்னர் சங்கர் உண்டு. இருந்தும் ஊரே விரதம் காத்து ஆடுவதற்கு, ஏவலை நிறைவேற்றி எரிந்தவன் கதையை இம்மக்கள் இவ்வளவு காலம் இறுகப் பற்றியிருப்பது தற்செயல் என்று என்னால் நம்ப இயலவில்லை. கூத்தின் உச்சம் எரிப்பதில் இல்லை, அதன்பின் வரும் புலம்பலில் இருக்கிறது. என் புருஷன் செய்த குற்றம் என்ன என்று ஒரு பெண் இறைவனை நேருக்கு நேர் நிறுத்திக் கேட்கிறாள். துரைக்கும் கங்காணிக்கும் முன்னால் வாய் திறக்க முடியாதிருந்த காலத்திலும் அந்தக் கேள்வி பொட்டலில் உரக்கக் கேட்கப்பட்டது.

இப்போது அந்தக் கேள்வியைத்தான் சுருக்கிவிடுகிறோம் என்பது என் ஆதங்கம். இளைஞர்கள் கொழும்பில் வேலைக்கு இருக்கிறார்கள். இரண்டு நாள் விடுமுறைக்குள் கூத்து முடிந்தாக வேண்டும். சில கோயில் நிர்வாகங்களுக்குக் கும்பாபிஷேகம் நாகரிகமாகவும் தப்பு ஒலி கௌரவக் குறைவாகவும் தோன்றுகிறது. நகரத்துக் கலாசார விழாக்களிலோ அரைமணி நேரம் ஒதுக்குவார்கள். மன்மதன் வந்து ஆடுவான், நெருப்பைக் காட்டுவார்கள், கைதட்டல் எழும். புலம்பலுக்கு நேரமிராது. ஒலிவாங்கியைப் பிடித்து அடுத்த நிகழ்ச்சியை அறிவித்துவிடுவார்கள். 2023இல் மலையக வருகையின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தார்கள், நல்ல காரியம். அந்த உணர்வோடு இதையும் பார்க்க வேண்டும்.

மாத்தளை வடிவேலன் போன்றவர்கள் மலையகக் கூத்துகளைப் பற்றி எழுதி வைத்திருப்பது நம் நற்பேறு. ஆனால் தோட்டத்துக்குத் தோட்டம் இரதியின் பாட்டு மாறுகிறது. ஒரு வாத்தியார் பாடும் அடி அடுத்த மலையில் இல்லை. அவர்களுள் பலர் முதுமையடைந்துவிட்டனர். நம் பாடசாலைகளில் நாடகமும் அரங்கியலும் கற்கும் பிள்ளைகள் கிரேக்க அரங்கைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகின்றனர், எழுதட்டும். மாசி இரவுகளில் இரண்டை ஒதுக்கி, ஒரு கம்பளியும் ஒலிப்பதிவு செய்ய ஒரு கைத்தொலைபேசியும் கொடுத்து அவர்களைத் தோட்டத்துக்கு அனுப்புவதற்குப் பெருஞ்செலவு ஆகாது. எரிப்பு முடிந்ததும் எழுந்து வந்துவிடாமல் விடியும்வரை இருக்கச் சொல்லுங்கள்.