பொதுக் கருவிக்கு இடம் யாது?

நாம் நாள்தோறும் பேருந்தின் நெற்றியிற் காணும் ‘மாட்டுத்தாவணி’ என்னும் பெயரில் எழுத்துகள் 7. யூனிகோடு முறையில் கணினி எண்ணுவனவோ 13 குறியெண்கள். மெய்ப்புள்ளியும் உயிர்க்குறியும் அங்கே தனித்தனியே எண்ணப்படும். ஆதலின், பிழை திருத்தவும், அகரவரிசைப்படுத்தவும், ஒலிபெயர்க்கவும் இயற்றப்பெறும் லைப்ரரிகள் யாவும் எழுத்தைப் பிரித்தறியும் சிறு கருவியொன்றை வேண்டிநிற்கின்றன. அதனை எங்கே வைப்பது?

லைப்ரரிதோறும் படியெடுத்து வைத்தல் எளிதே. எனினும், ஒன்றிற் களைந்த பிழை ஏனையவற்றில் நிலைத்துவிடும். ‘க்ஷ’ ஓரிடத்தில் ஓரெழுத்தாகவும் பிறிதோரிடத்தில் ஈரெழுத்தாகவும் எண்ணப்படும். அனைத்தையும் ‘பொது’ என்னும் ஓரறையிற் குவிப்பின், அது நாளடைவில் எவரும் ஒழுங்கு செய்யாத பரணாகும். ஒவ்வொரு சிறு கருவியையும் தனி லைப்ரரியாக்குதலும் இடருடைத்து. 2016இல் ‘லெஃப்ட்-பேட்’ என்னும் 11 வரி நிரலை அதன் ஆசிரியர் என்.பி.எம். களஞ்சியத்தினின்று நீக்கவே, அதனைச் சார்ந்திருந்த மென்பொருள்கள் பலவற்றின் ஆக்கம் தடைப்பட்டது.

எமது துணிபு இது: மொழியின் இயல்பைப் பற்றியது அடித்தளத்தில் அமைக, ஒரு தொழிலுக்கே உரியது அத்தொழிலின் லைப்ரரியிலேயே தங்குக. பைதான் மொழியில் இயன்ற ‘ஓப்பன்-தமிழ்’ இதற்குச் சான்று. எழுத்தைப் பிரிக்கும் கருவி அதன் ‘தமிழ்’ என்னும் அடிப்பகுதியில் உளது. ‘சொல்திருத்தி’ முதலிய பகுதிகள் அதனைச் சார்ந்து நிற்கின்றன. மேற்றளம் அடித்தளத்தைச் சாரலாம். அடித்தளம் மேற்றளத்தைச் சாரலாகாது.

நிரல் எழுதப் புகும் மாணவர், “இஃது எத்தனை இடங்களிற் பயன்படும்?” என்று மட்டும் வினவுதல் போதாது. “இது மாறுமாயின், எதன்பொருட்டு மாறும்?” என்றும் வினவுக. அவ்விடையே கருவிக்குரிய இடத்தைக் காட்டும்.