எண் சொல்லும் முன் விலா சொல்லிவிடும்

ஜொகூர் பள்ளிகளில் பிள்ளைகளைத் திடலில் இறக்கலாமா வேண்டாமா என்பதை இன்று முடிவு செய்வது ஓர் எண். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு, அதாவது ஐபியு, 100-ஐத் தாண்டினால் வெளிப்புற நடவடிக்கை கூடாது; 200-ஐத் தாண்டினால் பள்ளியை மூட வேண்டும். கல்வி அமைச்சின் வழிகாட்டுதல் இதுதான். புகைமூட்டக் காலங்களில் இந்த எண்ணால் நன்மை உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எண் ஏறும்வரை கைகட்டிக் காத்திருப்பதே பொறுப்பான செயல் என்று நாம் பழகிப்போனதுதான் தவறு. காற்று கெட்டுவிட்டது என்ற சேதியைப் பல நேரங்களில் அந்த எண்ணுக்கு முன்பாகவே சொல்லிவிடும் கருவி ஒவ்வொரு வகுப்பிலும் முப்பது, நாற்பது இருக்கிறது. பிள்ளைகளின் நெஞ்சுக்கூட்டைத்தான் சொல்கிறேன். அதைப் படிக்க ஆசிரியர்களுக்குக் கற்றுத்தர வேண்டும். படித்ததை வைத்து உடனே முடிவெடுக்கும் அதிகாரத்தையும் பள்ளியிலேயே வைக்க வேண்டும்.

முதலில் அந்த எண்ணால் எதைச் சொல்ல முடியாது என்று பார்ப்போம். மலேசியாவில் ஐபியு கணக்கில் வருபவை நுண்துகள்கள், கந்தக டைஆக்சைடு, நைட்ரஜன் டைஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன் ஆகியவை. 2019 மார்ச் 7-ஆம் தேதி பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் திருட்டுத்தனமாகக் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவிலிருந்து கிளம்பிய ஆவியில் கண்டறியப்பட்டதாகச் சொல்லப்பட்ட பென்சீன், டொலுயீன், சைலீன், அக்ரோலீன் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆற்றையொட்டிய தாமான் பாசிர் பூத்தே பள்ளிகளில் பிள்ளைகள் வாந்தியெடுத்து மூச்சுத் திணறிய பிறகுதான் ஊருக்கே விவரம் தெரிந்தது. மார்ச் 11-இல் இரண்டாம் அலை. மார்ச் 13-இல் 111 பள்ளிகள் மூடப்பட்டன. அதற்குள் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டுவிட்டார்கள். 2,775 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதாகக் கணக்கு. ஜூன் மாதத்தில் மறுபடியும் அதே வட்டாரம், மறுபடியும் மூச்சுத் திணறல். இம்முறை மூடப்பட்டவை 475 கல்வி நிலையங்கள். இரண்டு முறையும் முதல் எச்சரிக்கையைக் கொடுத்தது பிள்ளைகளின் உடம்பு. நுண்துகளைப் பொறுத்தவரை வேறொரு சிக்கல் இருக்கிறது: அதற்கான ஐபியு 24 மணி நேரச் சராசரி. ஓர் உதாரணக் கணக்கு. ஒரு கனமீட்டர் காற்றில் நுண்துகள் 21 மணி நேரம் 20 மைக்ரோகிராமாக இருந்து, கடைசி மூன்று மணி நேரம் 260 ஆக ஏறினாலும் சராசரி 50-தான். அந்த மூன்று மணி நேரம் குறுக்கோட்டப் பயிற்சி நேரமாக இருந்துவிட்டால், சராசரியை நுரையீரலிடம் காட்டி ஆறுதல் சொல்ல முடியுமா? 2013 ஜூன் 23 காலை 7 மணிக்கு மூவாரில் குறியீடு 746-ஐத் தொட்டு, மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அந்த அளவுக்குப் போனால் எண்ணே தேவையில்லை, கண்ணே போதும். எண்ணோ கண்ணோ சொல்லாத நேரங்களைப் பற்றியே இங்கே பேச்சு.

நெஞ்சுக்கூடு எப்படிச் சேதி சொல்கிறது என்பதற்கு, அது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். கூடு என்று தமிழில் அதற்குப் பெயர் வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். குருவிக்கூட்டைப் போல வளைந்து கொடுக்கும் பின்னல் அது. பின்னால் பன்னிரண்டு முதுகெலும்புகள், அவற்றிலிருந்து பன்னிரண்டு இணை விலா எலும்புகள். மேல் ஏழு இணைகள் குருத்தெலும்பு வழியே நேராக மார்பெலும்பைப் பிடித்துக்கொள்கின்றன. அடுத்த மூன்று தமக்கு மேலுள்ள குருத்தெலும்பில் தொற்றிக்கொள்கின்றன. கடைசி இரண்டுக்கு முன்பக்கம் பிடிப்பே கிடையாது. இந்தக் கூட்டின் தரையாக, நெஞ்சையும் வயிற்றையும் பிரித்துக் குடை போல் கவிந்திருக்கும் தசைத்தகடுதான் உதரவிதானம். நுரையீரலுக்குத் தானாக விரியும் தசை கிடையாது. கொல்லன் துருத்தியைப் பிரிக்கும்போது காற்று உள்ளே பாய்வதுபோல, உதரவிதானம் சுருங்கித் தாழ்ந்து, விலாக்கள் உயர்ந்து, கூடு பெரிதாகும்போது உள்ளழுத்தம் குறைந்து காற்று தானாக நுழைகிறது. மேல் விலாக்கள் அடிகுழாயின் கைப்பிடி போல எழுந்து மார்பெலும்பை முன்னே தள்ளும். கீழ் விலாக்கள் வாளியின் கைப்பிடி போலப் பக்கவாட்டில் எழுந்து அகலத்தைக் கூட்டும். அமைதியான மூச்சில் உதரவிதானம் இறங்குவது ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான். வளர்ந்த ஒருவருக்கு அதனால் கிடைப்பது ஏறக்குறைய அரை லிட்டர் காற்று. மூச்சை வெளியே விடுவதற்கு உழைப்பே வேண்டாம். இழுத்த ரப்பர் சுருங்குவதுபோல நுரையீரல் தானே திரும்பிவிடும். ஆக, நலமாக இருப்பவரின் மூச்சு பார்ப்பவர் கண்ணில் படாது. கண்ணில் படும் அளவுக்கு ஒருவர் மூச்சு விடுகிறார் என்றாலே, ஓடி வந்தவராக இருந்தாலொழிய, ஏதோ சரியில்லை.

பிள்ளைகளின் கூடு இன்னும் வெளிப்படையாகப் பேசும். கைக்குழந்தைக்கு விலாக்கள் கிட்டத்தட்டக் கிடைமட்டமாக இருப்பதால் வாளிக் கைப்பிடியைத் தூக்க இடமே இல்லை. முழு வேலையும் உதரவிதானத்தின் தலையில் விழுகிறது. நடக்கத் தொடங்கிய பிறகு விலாக்கள் மெல்லச் சரிந்து பெரியவர்களின் அமைப்பை நெருங்குகின்றன. அப்போதும் குருத்தெலும்பு மென்மையாகவே இருக்கும். அதனால் உள்ளே இழுவை கூடும்போது பெரியவர்களுக்குக் குழி விழாத இடங்களில் பிள்ளைகளுக்குக் குழி விழும்: விலாக்களுக்கு இடையே, விலாக்களுக்குக் கீழே, கழுத்தடிக் குழியில். மூச்சுக்குழாயும் குறுகியது. குழாயின் ஆரம் பாதியானால் சீரான ஓட்டத்துக்கு எதிர்ப்பு 16 மடங்காகும். நான்கு மில்லிமீட்டர் அகலக் குழாயின் சுவர் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் வீங்கினால் நடப்பது இதுதான். எட்டு மில்லிமீட்டர் குழாயில் அதே வீக்கம் எதிர்ப்பை ஏறத்தாழ மூன்று மடங்கே ஆக்கும். ஆசிரியரின் தொண்டையில் கரகரப்பை மட்டும் உண்டாக்கிய அதே காற்று, முன்வரிசைச் சிறுவனுக்கு மூச்சு முட்டுவதாக ஆகிவிடுவதில் அதிசயம் எதுவுமில்லை. போதாததற்கு, எடைக்குக் கணக்குப் பார்த்தால் பிள்ளைகள் பெரியவர்களைவிட அதிகக் காற்றை இழுக்கிறார்கள். திடலில் ஓடும்போதோ மூக்கை விட்டுவிட்டு வாயால் இழுக்கிறார்கள். மூக்கின் வடிகட்டலும் போய்விடுகிறது.

இழைப்பு உள்ள பிள்ளையைக் கவனித்தால் இது இன்னும் தெளிவாகும். காற்றுவழி சுருங்கும்போது உள்ளே போன காற்று வெளியே வரத் திணறி, நுரையீரலில் தங்கிப்போகிறது. நெஞ்சு உப்பி நிற்கிறது. கவிந்த குடையாக இருக்க வேண்டிய உதரவிதானம் தட்டையாகிவிடுகிறது. தட்டையான தகடு இனிக் கீழே இறங்க இடமில்லை. அப்போது கழுத்துத் தசைகள் உதவிக்கு வருகின்றன, தோள் ஏறி இறங்குகிறது, மூக்குத்துளை விரிகிறது. பிள்ளை கைகளை மேசையில் ஊன்றிக்கொள்கிறது. கை ஊன்றினால் தோள் நிலைத்து நிற்கும், தோளிலிருந்து விலாவை இழுக்கும் தசைகளுக்குப் பிடிமானம் கிடைக்கும் என்று யாரும் அதற்குச் சொல்லித்தரவில்லை, உடம்புக்கே தெரியும். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்குவதும் இந்த நிலையில்தான். இவ்வளவும் நடக்கும்போது விரல்நுனியில் மாட்டும் ஆக்சிமீட்டர் இன்னும் நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருக்கலாம். தசைகள் கூடுதலாக உழைத்து ஆக்சிஜனைத் தக்கவைப்பதால், உழைப்பு முதலில் ஏறும், ஆக்சிஜன் பிறகே இறங்கும். ‘கருவி நன்றாகத்தான் காட்டுகிறது, போய் உட்கார்’ என்று சொல்லும் ஆசிரியரைக் குறை சொல்ல மாட்டேன். எண்ணை நம்பத்தான் அவரைப் பழக்கியிருக்கிறோம்.

ஆசிரியர் மருத்துவரா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, அதற்கு நாற்பது ஆண்டு அனுபவம் பதில் வைத்திருக்கிறது. நிமோனியா கண்ட குழந்தையை எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனையும் இல்லாத ஊரில் எப்படிக் கண்டுகொள்வது என்ற கேள்விக்கு, பாப்புவா நியூகினியில் ஃபிராங்க் ஷான் செய்து 1984-இல் வெளியான ஆய்வு எளிய வழியைக் காட்டியது: மூச்சை எண்ணு, கீழ்மார்பு உள்வாங்குகிறதா என்று பார். உலகச் சுகாதார நிறுவனம் அதையே அடிப்படையாக எடுத்துக்கொண்டது. இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் நிமிடத்துக்கு 50, ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேகமான மூச்சு. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் மருத்துவர் அபய் பாங்கும் அவருடைய குழுவினரும் கிராமத்தவர்களுக்கே இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். எழுத்தறிவு இல்லாதவர்களும் எண்ணுவதற்கு மணிகளை நகர்த்தும் கருவி ஒன்றும் உருவாக்கப்பட்டது. குழந்தைகளின் நிமோனியா மரணம் குறைந்ததை 1990-இல் லான்செட் இதழில் வெளியான அவர்களின் ஆய்வு காட்டியது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இதே எண்களைப் பயன்படுத்த முடியாதுதான். வயது ஏற ஏற மூச்சின் வேகம் குறையும். ஆனாலும் காட்டோரக் கிராமத்தில் எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் கற்றுக்கொண்ட பார்வையை, பட்டம் பெற்ற நம் ஆசிரியர்களால் கற்க முடியாது என்றால் அது அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. நோய் இன்னதென்று பெயர் சொல்லும்படி ஆசிரியரை யாரும் கேட்கவில்லை. ஒரே நேரத்தில் ஐந்தாறு பிள்ளைகளின் மூச்சு கண்ணில் படுகிறதா என்றுதான் கேட்கிறோம். சீருடையும் பாஜு கூரோங்கும் விலாவை மறைக்கும். ஆனால் மூக்குத்துளையும் தோளும் பேச்சும் மறையாது.

இன்னொரு மறுப்பு, கொஞ்சம் நாசூக்காகச் சொல்லப்படுவது: பிள்ளைகள் பயத்தில் ஒருவரைப் பார்த்து ஒருவர் மூச்சு வாங்குவார்கள், பாதியும் மனப்பிரமை என்பார்கள். நம் நாட்டுப் பள்ளிகளில் கூட்டு மனக்கலக்கம் நடந்ததே இல்லை என்று சொல்ல முடியாது. பயமும் அதே உதரவிதானத்தை, அதே கழுத்துத் தசைகளைத்தான் முடுக்குகிறது. வேகவேகமாக மூச்சு விட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் மரத்துப்போகும். பிள்ளை பொய் சொல்கிறது என்று அதற்குப் பொருளில்லை. வாசலில் நின்று பார்க்கும் ஆசிரியரால் வாயுவையும் பயத்தையும் பிரித்தறிய முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த ஒப்புதலே என் பக்கம்தான் சாய்கிறது. பிரித்தறிய முடியாத இடத்தில், பிள்ளைகளை நல்ல காற்றுக்கு நகர்த்துவது இரண்டுக்குமே மருந்து. பயம்தான் காரணம் என்று பிறகு தெரிந்தால் இழப்பு ஓர் உடற்கல்விப் பாடவேளை. வாயுதான் காரணம் என்று பிறகு தெரிந்தால் இழப்பு என்ன என்பதைக் கிம் கிம் ஏற்கெனவே காட்டிவிட்டது.

பள்ளியை மூடினால் பிள்ளை எங்கே போகும் என்ற கேள்விதான் எனக்கு உண்மையாகவே கனமாகத் தெரிகிறது. தாயும் தந்தையும் மாசாயிலோ பாசிர் கூடாங்கிலோ தொழிற்சாலையில் ஷிப்ட் வேலையில் இருக்க, அடுக்குமாடி வீட்டில் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை அதே காற்றைத்தான் சுவாசிக்கும். பாடமும் போகும், சாப்பாடும் போகும். அதனால்தான் மூடுவதை முதல் படியாக நான் சொல்லவில்லை. திடலிலிருந்து உள்ளே வரவழைப்பது, ஓட்டத்தை நிறுத்துவது, வாடை வந்தால் காற்று வரும் திசைக்குக் குறுக்காக விலகிப் போவது, இழைப்புள்ள பிள்ளையின் பம்பு யார் கையில் இருக்கிறது என்று பார்ப்பது, மூச்சு கண்ணில் படும் பிள்ளையை உடனே மருத்துவரிடம் அனுப்புவது: இவற்றுக்கு மாவட்டக் கல்வி இலாகாவின் அனுமதிக் கடிதம் தேவைப்படக் கூடாது. தலைமையாசிரியர் அன்றே, அந்த மணி நேரத்திலேயே செய்யட்டும். கடிதம் பிறகு போகட்டும். கழிவைக் கொட்டுகிறவர்களுக்கு 2024-இல் திருத்தப்பட்ட சுற்றுச்சூழல் தரச் சட்டம் ஒரு கோடி ரிங்கிட்வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. நல்லது. ஆனால் அபராதம் வழக்கு முடிந்த பிறகு வருவது. மூச்சு அதுவரை நிற்பதில்லை.

என் வாதத்துக்கு ஓர் எல்லை உண்டு. நெஞ்சுக்கூடு சத்தம் போடுவது திடீர்த் தாக்குதலுக்குத்தான். ஆண்டுதோறும் சிறுகச் சிறுக உள்ளே போகும் நுண்துகளுக்கு விலா குழிவதில்லை, தோள் ஏறுவதில்லை. நுரையீரல் வளர வேண்டிய அளவுக்கு வளராமல் போவதோடு சரி. தெற்குக் கலிபோர்னியாவில் வெவ்வேறு ஆண்டுகளைச் சேர்ந்த மூன்று மாணவர் குழுக்களைத் தொடர்ந்து கவனித்து, 2015-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஆய்வு இதைக் காட்டியது: காற்று தூய்மையாகத் தூய்மையாக, 15 வயதில் நுரையீரல் திறன் குறைந்த பிள்ளைகளின் பங்கு 7.9 விழுக்காட்டிலிருந்து 6.3-க்கும், பிறகு 3.6-க்கும் இறங்கியது. அந்த மௌனமான சேதத்தைப் பார்க்க நிலையமும் சராசரியும் எண்ணும்தான் வேண்டும். அவற்றைத் தூக்கியெறியச் சொல்பவன் நானில்லை. தொழிற்பேட்டைக்கு அருகிலுள்ள பள்ளிகளில் ஐபியு பட்டியலில் இல்லாத வாயுக்களையும் அளக்கும் கருவிகள் வேண்டும் என்றுகூடச் சொல்வேன். அவை விலை கூடியவை, வர நாளாகும். அலுவலகச் சுவரில் தீயணைப்புப் பயிற்சி அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டிய ஒரு பக்கத் தாளுக்கு அவ்வளவு நாள் ஆகாது: மூக்குத்துளை, கழுத்தடிக் குழி, தோள், பாதியில் அறுந்த வாக்கியம், அடியில் தலைமையாசிரியரின் கைப்பேசி எண்.