மதம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் பதியப்படும் என ஒன்றிய அரசு அறிவித்ததிலிருந்து, ஆர்.கே.பேட்டைப் பகுதி மாணவர்கள் எங்களிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றனர்: "அண்ணா, பௌத்தர்னு எழுதினா சாதிச் சான்றிதழ் போயிடுமா?"

இக்கேள்விக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. சித்த மருத்துவரான அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) தம் ஆசானின் பெயரையே தம் பெயராகச் சூடிக்கொண்டவர். 1898-இல் கர்னல் ஆல்காட்டின் துணையுடன் கொழும்பு சென்று பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907 ஜூன் 19 முதல் புதன்தோறும் வெளியான 'ஒரு பைசாத் தமிழன்' வழியாக, தீண்டப்படாதோர் எனப்பட்டோர் சாதியற்ற பூர்வ பௌத்தரே என எழுதினார். 1911 கணக்கெடுப்பில் பௌத்தர் எனப் பதியுமாறும் வலியுறுத்தினார். வடஆற்காட்டுச் சேரிகளிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் பிழைக்கப் போன தொழிலாளர்களே இவ்வியக்கத்தின் முதுகெலும்பு. நம் வட்டாரமும் அன்று வடஆற்காட்டில்தான் இருந்தது.

கடல் கடந்து ஜமைக்காவில் ரஸ்தஃபாரி இயக்கத்தின் மூத்த ஆசான் லெனர்ட் ஹோவெலும் இத்தகையதொரு பணியையே செய்தார். கறுப்பரின் அரசர் எத்தியோப்பியாவின் ஹைலே செலாசியே, பிரிட்டிஷ் மன்னர் அல்லர் எனப் போதித்ததால் 1934-இல் அரசத்துரோகக் குற்றத்துக்குச் சிறை சென்றார். அடிமைத்தனத்துக்கு முந்தைய வரலாறு ஒன்றைத் தம் மக்களுக்கு மீட்டுத் தந்தவர்கள் இருவரும். ஹோவெல் முடியரசை மறுத்தார். பண்டிதரோ அதனிடம் மனுக் கொடுத்தார், அதை நம்பவும் செய்தார். அருந்ததியர் உள்ளிட்டோரை விலக்கிவைத்த பார்வையும் அவர் எழுத்தில் உண்டு. இவற்றை மறைத்து அவரைக் கொண்டாட வேண்டியதில்லை.

இனி, மாணவர்களின் கேள்விக்கு வருவோம். 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை இந்துக்களை மட்டுமே ஏற்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவ, இசுலாமியத் தலித்துகள் இன்றும் வெளியேதான். ஆகவே, பௌத்தம் தழுவியதால் மட்டும் பட்டியல் சாதித் தகுதி போய்விடாது. ஆனால் ஒரு முரண் எஞ்சுகிறது: சாதியற்றவர் என்பதற்காகப் பௌத்தரானவர், உரிமையைப் பெறச் சாதிப் பெயரையும் சொல்லியாக வேண்டும். இதைத் துரோகம் என்போருடன் நாங்கள் உடன்படவில்லை. இழிவை நீக்கச் சமயம். இழந்ததை மீட்கச் சட்டம்.

கணக்கெடுப்பாளர் மதத்துக்குச் சான்று கேட்க இயலாது. நாம் சொல்வதையே பதிய வேண்டும். 1948 கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி அந்தப் பதிவு இரகசியமானது. வட்டாட்சியர் தரும் சான்றிதழ் வேறு, இது வேறு. எங்கள் அச்சமெல்லாம், சேரிக்குள் வரும் கணக்கெடுப்பாளர் கேளாமலே 'இந்து' எனக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாரோ என்பதுதான். வீட்டில் அன்று இருக்கப்போவது பெரும்பாலும் பாட்டியோ அம்மாவோ. இப்போதே அவர்களிடம் பேசி வையுங்கள்.