நாலு குதிரை, ரெண்டு சேணம்

புழல் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ரெண்டு சமாசாரம்தான் ஞாபகம் வரும். ஒன்று ஏரி. இன்னொன்று, 2006-ல் இங்கே குடிவந்த மத்திய சிறை. கல்யாண வீட்டில் யாராவது ‘எங்கே சார் இருக்கீங்க?’ என்று கேட்டு, நான் ‘புழல்ல’ என்று சொன்னால், ‘எத்தனை வருஷமா?’ என்ற அடுத்த கேள்வியைக் கொஞ்சம் தள்ளி நின்றுதான் கேட்கிறார்கள்!

எங்கள் தெருவுக்கு மூன்றாவதாக ஒரு பெருமை உண்டு. தெருக்கோடி பாய் நாலு குதிரை வைத்திருக்கிறார். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கம் மாப்பிள்ளை ஊர்வலமோ காதுகுத்தோ நடந்து, ஜரிகைத் துணி போர்த்திக்கொண்டு ஒரு குதிரை பேண்டு வாத்தியத்துக்கு முன்னால் தலையாட்டிப் போகிறது என்றால், அது எங்கள் தெருக் குதிரையாக இருக்கலாம்.

நாலு குதிரைக்கும் சேர்த்துச் சேணம் ரெண்டு. (பாய் ‘ஜீனி’ என்பார். மளிகைக்கடை ஜீனி இல்லை, பழைய காலத்துப் பெயர்.)

“நாலும் ஒரே நாள்ல வெளிய போவாது சார். அப்புறம் இன்னாத்துக்கு நாலு?” என்பது பாயின் கணக்கு.

வீட்டில் நாலு பேர் இருக்கிறோம், ஒரு நேரத்தில் ரெண்டு பேர்தான் வெளியே போகிறோம் என்று ரெண்டு ஜோடி செருப்போடு நிறுத்திக்கொண்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

பாதுஷா பழைய ரேஸ் குதிரை. முதுகு ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி ரெண்டு பக்கமும் சரியும். கறுப்பனும் கிட்டத்தட்ட அதே ஜாதி. ராணியோ படுக்கவைத்த தண்ணி டிரம். குட்டி என்று ஒருவன், மூன்று வயசு. போன வருஷம் எலும்பு, இந்த வருஷம் தொப்பை. பாயிடம் இருந்த ரெண்டு சேணமும் செகண்ட்ஹாண்டில் வாங்கியவை, ரெண்டுமே ஒல்லிக் குதிரைக்குத் தைத்தவை.

பங்குனியில் ராணி, சேணத்தைத் தூக்கினாலே காதைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டு கடிக்க வந்தாள். “மூடு சரியில்ல சார்” என்றார் பாய். துணியை விலக்கிப் பார்த்தால், பிடரிமயிர் முடிகிற இடத்தில் எழும்பும் மேட்டுக்குப் பக்கத்தில், ரெண்டு புறமும் ரூபாய்க் காசு அகலத்துக்கு ரோமம் போய் ஈரம் கசிகிறது. ஜரிகைத் துணி இருக்கிறதே, அது எதையும் மறைத்துவிடும்.

வேப்பேரிக்கு நடந்தோம். அங்கேயுள்ள கால்நடைக் கல்லூரி 1903-ல் டாபின் ஹால் என்ற சின்னக் கட்டடத்தில் ஆரம்பித்ததாம். இங்கிலீஷில் டாபின் என்றால் உழைக்கிற குதிரைக்குச் செல்லப் பெயர்! டாக்டர் புண்ணைப் பார்த்துவிட்டு மருந்தைவிட அதிக நேரம் சேணத்தைப் பற்றித்தான் பேசினார்.

சேணம் என்பது வெறும் தோல் இல்லை. உள்ளே கட்டையிலோ இரும்பிலோ ஒரு கூடு இருக்கிறது. ஏறி உட்காருகிறவரின் கனத்தை முதுகெலும்பின் மேல் விடாமல், ரெண்டு பக்கத்துச் சதையிலும் பரப்பிப் போடுவதுதான் அதன் வேலை. நடுவில் முன்னாலிருந்து பின்னால் வரை வாய்க்கால் மாதிரி வெளிச்சம் தெரியவேண்டும். முன் வளைவுக்கும் மேட்டுக்கும் நடுவே ரெண்டு மூன்று விரல் நுழையவேண்டும். அதையும் ஆள் ஏறி உட்கார்ந்த பிறகு பார்க்கணும். காலி சேணத்தில் எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

முன்னால் தள்ளி வைத்தால் கால் எடுத்து வைக்கும்போதெல்லாம் தோள்பட்டை எலும்பு சேணத்தில் முட்டும். பின்னால் கடைசி விலாவைத் தாண்டினால் கனத்தைத் தாங்க ஆதரவு இல்லை. ஒரு மணி நேர ஊர்வலம் முடிந்து சேணத்தை இறக்கியதும் வியர்வையைப் பார்க்கச் சொன்னார். ரெண்டு பக்கமும் ஒரே சீராக நனைந்திருக்கணும். நடுவில் உள்ளங்கை அளவு மட்டும் காய்ந்திருந்தால் அந்த இடத்தில் அழுத்தம் என்று சந்தேகப்படணும்.

இதெல்லாம் டாக்டர் ஆசை மட்டுமில்லை, சட்டமும்கூட. வண்டி இழுக்கிற, சுமை தூக்கிற மிருகங்களுக்காக 1965-ல் மத்திய சர்க்கார் போட்ட விதிகளில், சேண வளைவுக்கும் அந்த மேட்டுக்கும் நடுவே போதிய இடைவெளி இல்லாமல் சேணம் கட்டக்கூடாது என்று ஒரு விதியே இருக்கிறது! டெல்லியில் யாரோ ஒரு புண்ணியவான் குதிரை முதுகைக் குனிந்து பார்த்திருக்கிறார். புண்ணோடு வேலை வாங்குவது 1960-ம் வருஷச் சட்டப்படி குற்றம். அபராதம்? முதல் தடவைக்கு 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஒரு மசால் தோசையில் முடிந்துவிடும் தண்டனை.

பாய்க்கு ஒரு சந்தேகம். “புண்ணு வரக்கூடாதுன்னுதான் டாக்டர், அடியில கம்பளிய நாலா மடிச்சுப் போட்டேன்...”

அங்கேதான் விஷயமே! இறுக்கமான ஷூவுக்குள்ளே ரெண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டு நடந்தால் என்ன ஆகும்? கடி குறையுமா, கூடுமா? ராணிக்கு அந்தச் சேணம் ஏற்கெனவே இடுக்கி. அதற்குள் கம்பளியைத் திணிக்கத் திணிக்க இடுக்கி இன்னும் இறுகியிருக்கிறது. அகலமான சேணத்தை மெத்தை வைத்து ஓரளவு ஒல்லிக் குதிரைக்குச் சரிக்கட்டலாம். ஒல்லிச் சேணத்தை எதை வைத்தும் அகலமாக்க முடியாது. பல குதிரை வைத்திருப்பவர்கள் பர்ஸைத் திறப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம்.

நம் ஊரில் முதுகுக்கு அச்சாகப் பொருந்திய சேணத்தோடு நிற்பது அய்யனார் கோயில் குதிரைதான். குயவர் மண்ணைப் பிசைந்து குதிரையையும் சேணத்தையும் சேர்த்தே செய்துவிடுகிறாரே! உயிருள்ள குதிரை விஷயத்தில் நமக்குப் பழைய கெட்ட பெயர் உண்டு. 13-ம் நூற்றாண்டுக் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ராஜா வருஷத்துக்கு 2,000 குதிரைக்கு மேல் கப்பலில் வரவழைக்கிறார், வருஷக் கடைசியில் 100-கூட மிஞ்சுவதில்லை, இவர்களுக்குக் குதிரை பராமரிக்கவே தெரியவில்லை என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். கொஞ்சம் மிகையாக இருக்கலாம். ஆனாலும் சுருக்கென்றது.

வீட்டுக்கு வந்து அளவெடுத்தோம். செலவு பெரிசில்லை. வளைத்தால் வளைத்தபடி நிற்கிற தடிமனான கரண்டு கம்பி ஒன்று. தோள்பட்டை எலும்புக்குச் சற்றுப் பின்னால், முதுகின் குறுக்கே அதை அழுத்தி வைத்து, அலுங்காமல் தூக்கி, பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியில் வைத்துப் பென்சிலால் கோடு இழுத்து வெட்டினோம். நாலு குதிரை, நாலு அட்டை, ஒவ்வொன்றிலும் பெயர், தேதி.

அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்ததும் பாய் தாடியைத் தடவினார். பாதுஷாவும் கறுப்பனும் நூல் பிசகாமல் பொருந்தினார்கள். ராணி தனி அகலம். குட்டி அவளுக்குக் கொஞ்சம் உள்ளே.

“அப்போ ரெண்டு சேணம் போதும்னு நான் சொன்னது கரெக்டுதானே சார்?”

எண்ணிக்கை கரெக்டுதான் பாய், ரெண்டும் ஒரே சைஸாக இருந்ததுதான் வினை என்றேன். இருந்த ரெண்டில் ஒன்றை விற்று, மேலே பணம் போட்டு, கான்பூரில் தைத்த அகலச் சேணம் ஒன்று வாங்கினார். அளவு சொல்ல ராணியின் அட்டையைத்தான் அனுப்பினோம். குட்டிக்கு அதையே மெல்லிய மெத்தை வைத்துக் கட்டுகிறார். அவன் இன்னும் வளர்கிற பையன் என்பதால் மூணு மாசத்துக்கு ஒரு தடவை கம்பியோடு போய் நிற்கிறோம். அடித்துணி மட்டும் நாலு பேருக்கும் தனித்தனி. ஒருத்தருக்குப் படர்தாமரை வந்தால் நாலு பேரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டாமே.

பணம் சும்மா வந்துவிடவில்லை. புண் ஆறுகிற வரைக்கும் ராணி முதுகில் எதுவும் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சித்திரை, வைகாசி முகூர்த்தம் முழுக்க அவள் கொள்ளு தின்றுகொண்டு நின்றாள். பாய் வீட்டம்மா வளையலை அடகு வைத்துத்தான் கான்பூர்ப் பணம் போனது. ஆவணியில் மீட்டுவிட்டார்கள்.

புண் ஆறிய இடத்தில் ராணிக்கு ரோமம் வெள்ளையாக முளைத்திருக்கிறது, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பொட்டு. இனி நிறம் மாறாதாம். போன வாரம் தண்டையார்பேட்டை மாப்பிள்ளையின் அப்பா ஒருவர் அட்வான்ஸ் கொடுக்க வந்தவர், அதை உற்றுப் பார்த்து, “இது என்ன பாய், ஏதாவது சுழி கிழியா?” என்று கேட்டார்.

“ராசியான சுழி சார்” என்றார் பாய், என் பக்கம் திரும்பாமல்.