பேரன் போன முகாம்

கோடை லீவு விட்டால் பிள்ளையை எந்த வகுப்பில் தள்ளலாம் என்று கோவைத் தாய்மார்கள் தவிக்கிற தவிப்பு உங்களுக்குத் தெரியாததல்ல. கராத்தே, கீபோர்டு, நீச்சல்! என் அக்காள் மட்டும் மகனைக் காட்டுக்கு அனுப்பிவிட்டாள். ஆனைகட்டிப் பக்கம் மூன்று நாள் முகாம். வனவிலங்குப் பாதுகாப்பும் தலைமைப் பண்பும் கற்றுக் கொடுப்பார்களாம். "தலைமைப் பண்பு வந்தால் போதும், விலங்கு அப்புறம்" என்பது என் மச்சானின் கட்சி.

ஆனைகட்டியில் சாலிம் அலியின் பெயரால் 1990-இல் ஒரு பறவை ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. அந்த சாலிம் அலி சிறு வயதில் என்ன செய்தார், தெரியுமா? ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டார். தொண்டையில் மஞ்சள் தீற்றல். இது என்ன குருவி என்று கேட்கப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனார். அங்கே காரியதரிசியாக இருந்த மில்லார்டு துரை பையனை விரட்டவில்லை. அலமாரிகளைத் திறந்து, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். இந்தியாவின் பறவை மனிதர் உருவானது அன்றைக்குத்தான். ஒரு பெரியவர் கொஞ்ச நேரம் ஒதுக்கினார், அவ்வளவுதான்.

பையன் திரும்பி வந்தான். முகாமில் தலைவன் முன்னால் நடக்கக் கூடாதாம்! முன்னால் போகிறவர் காடறிந்த இருளர் பெரியவர். தலைவன் கடைசியில் வந்து, வாயை மூடிக்கொண்டு, தலைகளை எண்ண வேண்டும். யானையின் முன்னங்கால் தடத்தைக் கயிற்றால் சுற்றளந்து இரண்டால் பெருக்கினால், அதன் தோள் உயரம் ஏறக்குறைய வந்துவிடும் என்பதும் தெரிந்துகொண்டு வந்திருந்தான்.

வினை அதற்கப்புறம்தான். சின்னத்தடாகம் பக்கம் அவனுடைய அப்பாருவுக்கு வாழைத் தோட்டம். போன கையோடு பிரசங்கம்: "அப்பாரு, யானை நம்ம தோட்டத்துக்கு வரலீங்க. அது போற தடத்துல நாமதான் தோட்டம் போட்டிருக்கோமுங்க."

பெரியவர் கோபிக்கவில்லை. வெற்றிலையை மடித்தபடியே கேட்டார்: "செரி கண்ணு. போன மாசம் சாஞ்ச இருநூறு வாழைக்கு ஆரு சாமி பதில் சொல்றது?"

பையன் வாயடைத்துப் போனான். நான் அங்கே இருந்தேன், எனக்கும் பதில் தெரியவில்லை. ஒரு நாளைக்கு 150 கிலோ வரை தின்கிற ஜீவன் அது. தின்பதைவிட மிதிப்பது அதிகம். யானையை நேசிக்கக் கற்றுத்தரும் முகாம்கள், குலை தள்ளும் சமயத்தில் தோட்டத்தை இழந்தவரின் கணக்கையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாமா? இல்லாவிட்டால் பேரன் ஒரு கட்சி, அப்பாரு ஒரு கட்சி என்றுதான் ஆகும்.

வால்பாறையில் ஆராய்ச்சியாளர்கள் ஒரு வழி கண்டார்கள். யானைக் கூட்டம் எந்த எஸ்டேட்டில் நிற்கிறது என்று அன்றன்றைக்கு விசாரித்து, செல்போனில் தமிழிலேயே செய்தி அனுப்பினார்கள். பக்கத்தில் யானை இருந்தால் தூரத்திலிருந்தே தெரியும்படி சிவப்பு விளக்கு எரிய ஏற்பாடு செய்தார்கள். இருட்டில் எதிரே அகப்பட்டு மனிதர்கள் மாண்டது குறைந்தது. இதனால் வாழை பிழைத்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆள் பிழைப்பார்.

இதை நான் சொன்னதும் பையன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் விடியற்காலையில் ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனான். பின்னாலேயே அப்பாரு, கையில் டார்ச் விளக்கு. வரப்போரத்து ஈரமண்ணில் தடம் அளந்தார்கள். அன்று மாலைக்குள் பக்கத்துத் தோட்டக்காரர்கள் எட்டுப் பேருடைய போன் நம்பர் நோட்டில் ஏறிவிட்டது. யானையை முதலில் பார்க்கிறவர் மற்ற ஏழு பேருக்கும் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டைப் பார்த்தேன். "இரவு 11-40. மூன்று. ஒன்று குட்டி. ஓடைப் பக்கம் போய்விட்டது." எழுத்து பேரனுடையது. கீழே, யார் பார்த்தது என்ற இடத்தில், அப்பாருவின் கோணல் கையெழுத்து.