மயில்தோகைக்கு மொட்டை

தில்லி மயூர் விஹாரில் ஒரு தரைத்தள வீடு. வாசலில் கேட்டுக்கு இருபுறமும் இரண்டு மரங்கள். இடதுபுறத்து மரம் முதல் மாடி ஜன்னலைத் தாண்டிப் பச்சைக் கூம்பாக நிற்கிறது. வலதுபுறத்தில் நிற்பதை மரம் என்று சொல்வது ஒரு மரியாதைக்காகத்தான். ஐந்தடி உயரத்தில் தட்டையாக வெட்டி, பக்கங்களையும் வழித்துவிட்டதில், பழுப்புக் குச்சிகளின் கட்டாக நிற்கிறது அது. தெருப்பக்கம், கீழே, ஒரே ஒரு கிளையில் மட்டும் பச்சை.

"துளுத்துடும்னு மாலி சொன்னான் தம்பி. போன மே மாசம் வெட்டினது. தெனம் காலைல எழுந்ததும் வந்து பாக்குறேன்" என்றார் அந்த வீட்டு அம்மா. நான் போனது பிப்ரவரியில். ஒன்பது மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வயது 76. மரங்கள் இரண்டும் 1986இல், வீட்டுச் சாவி கைக்கு வந்த வாரத்தில், அவர் கணவர் நர்சரியிலிருந்து சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்து நட்டவை. அவர் இப்போது இல்லை.

என்னைக் கூப்பிட்டது அவர் மகன், என் நண்பர். மாடி வீட்டுக்காரருக்கு வெளிச்சம் போதவில்லையாம். அம்மாவின் முன்னறையிலும் பகலிலேயே விளக்கு எரிகிறது. அது நியாயமான குறைதான். 'ஒண்ணு மொட்டை, ஒண்ணு முழுசு, பார்க்க நல்லாவா இருக்கு? ரெண்டையும் ஒரே அளவாக்கிடறேன்' என்று மாலி ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். நான் போனது வெள்ளிக்கிழமை.

மாலியைத் திட்டுவது எளிது. ஆனால் அவர் ஏமாற்றுக்காரர் அல்ல. அந்தக் காலனியில் அவர் வெட்டுகிற மருதாணி வேலியும் போகன்வில்லாவும் வெட்ட வெட்டத் துளிர்க்கின்றன. தெருவோர வேம்பைக் கழுத்தளவு வெட்டினாலும் மறு கோடைக்குள் குடை விரித்துவிடும். நம் ஊரில் முருங்கையை ஒடித்து வளர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இத்தனை மரங்கள் கற்றுக்கொடுத்த பாடத்தை அவர் இந்த மரத்துக்கும் பொருத்தினார். எனக்கும் உண்மை தெரிய ஒரு மரம் செலவானது. பல வருடங்களுக்கு முன் வாடகை வீட்டு வாசலிலிருந்த ஜூனிபரின் ஒரு பக்கத்தைப் பாதைக்காக வழித்தேன். நான் வீட்டைக் காலி செய்த நாள்வரை அந்தப் பக்கம் திறந்த புண்ணாகவே இருந்தது.

காரணம் மரத்துக்குள்ளே இருக்கிறது. வேம்பு, முருங்கை, மருதாணி போன்றவற்றின் பழைய கட்டையில், பட்டைக்கு அடியில், தூங்கும் மொட்டுகள் உண்டு. மேலே வெட்டு விழுந்ததும் அவை விழித்துக்கொள்ளும். ஊசியிலை இனத்து மரங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. பச்சை இலை இருக்கும் சிறு கிளையிலிருந்துதான் புதுப் பச்சை வரும். இலை உதிர்ந்து பழுப்பாகிவிட்ட கட்டை, உணவையும் நீரையும் கடத்தும் குழாய், அவ்வளவுதான். அடர்ந்து வளர்ந்த மரத்தைக் கையால் விலக்கிப் பாருங்கள். வெளியே ஒரு சாணுக்குப் பச்சைப் போர்வை. உள்ளே வெயில் படாமல் இலை உதிர்ந்த இருட்டு. அந்தப் போர்வையைத் தாண்டிக் கத்தரி இறங்கினால், அந்த இடம் மறுபடி மூடாது. யூ மரம் போலச் சில விதிவிலக்குகள் உண்டு. தில்லி வீட்டு வாசலில் அதைப் பார்க்கப்போவதில்லை.

எனவே வெட்டுவதற்கு முன் மரத்தின் பெயர் தெரிய வேண்டும். அந்த அம்மாவிடம் கேட்டேன். "மோர்பங்கி" என்றார். மயில்தோகை. மயூர் விஹாரில் மயில்தோகை இருப்பது பொருத்தம்தான் என்று நினைத்துக்கொண்டேன். வட இந்தியாவில் இதற்கு வித்யா செடி என்றும் பெயர். இலைக்கொத்தைப் பறித்துப் புத்தகத்துக்குள் வைத்தால் படிப்பு வரும் என்று குழந்தைகள் நம்புவார்கள். என் நண்பரும் வைத்திருக்கிறார். கணக்கில் பலன் தெரியவில்லை என்கிறார். ஜோடியாக வைத்தால்தான் வீட்டுக்கு நல்லது என்று நர்சரிக்காரர்கள் சொல்வார்கள். அதில் வியாபாரம் எவ்வளவு, வாஸ்து எவ்வளவு என்று பிரிப்பது கடினம்.

நர்சரிகளில் இதைத் தூஜா என்பார்கள். 1753இல் லின்னேயஸ் வைத்த பெயர் தூஜா ஓரியன்டாலிஸ். இப்போது தாவரவியலில் இது பிளாடிகிளேடஸ் ஓரியன்டாலிஸ். அந்தப் பேரினத்தில் இது ஒன்றே ஒன்றுதான். சொந்த ஊர் சீனா, கொரியா பக்கம். பெய்ஜிங்கின் நகர மரங்கள் இரண்டில் ஒன்று. அங்கே கோயில் வளாகங்களில் பல நூறு வயதானவை நிற்கின்றன. தொட்டிச் செடி என்று நினைத்து வாங்கி, ஜன்னலுக்கு நாலடி தள்ளி நடுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

அடையாளம் காண மூன்று விஷயம் போதும். முதலில் இலை. ஊசியிலை இனம் என்றாலும் இதற்கு ஊசி கிடையாது. மீன் செதில் போலக் கிளையோடு ஒட்டிய நுண்ணிலைகள். குத்தாது. இந்த இலைக்கொத்துகள் படுக்கைவசமாக இல்லாமல், அலமாரியில் நிறுத்திய புத்தகங்கள் மாதிரி செங்குத்தாக நிற்கும். இரு பக்கமும் ஒரே பச்சை. மூன்றாவதாகக் காய். சாம்பல் பூத்த நீலப் பச்சையில், கொண்டைக்கடலையைவிடப் பெரிதாக, மேலே கொக்கி போல வளைந்த கொம்புகளோடு இருக்கும். முற்றினால் பழுப்பாகி வெடிக்கும். கொம்பு முளைத்த காயைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

உங்கள் வீட்டில் இருப்பது வேறாக இருக்கலாம். சிறு இலைகள் குத்தி, நீலப் பழம் போன்ற மணிகள் தொங்கினால் ஜூனிபர். அதற்கும் மொட்டைக் கட்டையில் துளிர் வராது. தாஜ்மகால் கால்வாயோரம் வரிசை கட்டி நிற்பது சைப்ரஸ், அதே விதிதான். சென்னைப் பக்கம் மதிலோரம் ஒல்லியாக நிற்கும் நெட்டிலிங்கத்தைச் சிலர் இந்தக் குடும்பத்தில் சேர்க்கிறார்கள். அது சீதாப்பழத்தின் உறவு, வெட்டினால் துளிர்க்கும். சவுக்கும் ஊசியிலை மரம் அல்ல, பூக்கும் தாவரம். அதன் 'ஊசி'யை இரு நுனியிலும் பிடித்து இழுத்தால் கணுக்கணுவாகக் கழன்று வரும். ஊசி போலத் தெரிவது தண்டு. இலை அந்தக் கணுவில் பல் போல ஒட்டியிருக்கும் செதில்.

பெங்களூர் வாசகர்கள் கிறிஸ்துமஸ் மரம் என்று சொல்வது பெரும்பாலும் அராகேரியா. தட்டுத் தட்டாகக் கிளை விடும். அதன் உச்சியை வெட்டினால் அந்த அழகுக்கு அன்றோடு முடிவு. கீழ்த்தட்டுக் கிளை ஒன்று போனாலும் அந்த இடத்தில் திரும்ப வராது. அதில் குக் பைன் என்ற வகை ஒரு பக்கம் சாய்ந்தே வளரும். பல நாடுகளில் அளந்து பார்த்து 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, அவை பூமத்திய ரேகையை நோக்கிச் சாய்கின்றன. நம் நாட்டில் என்றால் தெற்குப் பக்கம். அதை நிமிர்த்தக் கயிறு கட்டுகிறவர்கள் கயிற்றை மிச்சப்படுத்தலாம்.

மயூர் விஹாருக்குத் திரும்புவோம். தப்பிய மரத்தை என்ன செய்வது? வெளிச்சம் வேண்டும், மரமும் வேண்டும். 'உச்சியைக் குறைக்கலாமா' என்றார் நண்பர். பச்சை எதுவரை இருக்கிறதோ அதற்குள் குறைக்கலாம். அரை ஆள் உயரம் கிடைக்கும். அதனால் முன்னறைக்கு என்ன வெளிச்சம் வந்துவிடும்? அறையை மறைத்தது உச்சி அல்ல, தரைவரை படர்ந்திருந்த பாவாடை. எனவே மேலே வெட்டுவதை விட்டுக் கீழே தூக்குவது என்று முடிவு செய்தோம். அடிக்கிளைகளை முழுவதுமாக நீக்கி, மரத்தின் கீழ் மூன்றில் ஒரு பங்கைத் தண்டாக வெளியே காட்டுவது. இங்கே துளிர்க்காத குணம் நமக்குச் சாதகம்: எடுத்த இடத்தில் மறுபடி முளைத்துத் தொந்தரவு செய்யாது. நார் நாராக உரியும் செம்பழுப்புப் பட்டை பார்க்கவும் நன்றாக இருக்கும்.

வேலைக்கு முன் ஒரு மனு. தில்லியில் 1994ஆம் வருட மரப் பாதுகாப்புச் சட்டப்படி, தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் தண்டு 5 செ.மீ. விட்டமும், மொத்தம் ஒரு மீட்டர் உயரமும் இருந்தால் அது மரம்தான், உங்கள் சொந்த வாசலில் இருந்தாலும். சாய்ப்பது மட்டுமல்ல, சேதப்படுத்துவதும் வெட்டுவதாகவே கணக்கு. சிறு கிளைகளை அனுமதி இல்லாமல் கழிக்கலாம் என்றிருந்த வழிகாட்டுதலை 2023இல் தில்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. கர்நாடகத்திலும் 1976 முதல் மரச் சட்டம் உண்டு. எந்த ஊரானாலும் மர அதிகாரியின் அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கத்தரியை எடுங்கள். முதல் மரத்துக்கு இதையெல்லாம் யாரும் யோசிக்கவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அனுமதி வந்து, மார்ச் முதல் வாரத்தில் வேலை நடந்தது. பருவம் முக்கியம். குளிர் விலகி, புதுத் தளிர் கிளம்பும் நேரம். மே, ஜூன் வெயிலில் கழித்தால் அதுவரை நிழலில் இருந்த உள் இலைகள் ஒரே நாளில் கருகும். முதல் மரத்துக்கு மே மாதம் பார்த்து வெட்டியது இரண்டாவது தவறு.

மாலியையே கூப்பிட்டோம். முதலில் வெட்டே இல்லை; இரண்டு கையாலும் கிளைகளை உலுக்கினோம். பழுப்புச் சருகு கூடை கூடையாகக் கொட்டியது, கூடவே ஒரு பழைய ஷட்டில்காக். உள்ளே இப்படிச் சருகு சேர்வது நோய் அல்ல. ஆனால் அது அடைத்துக்கொண்டால் காற்று புகாது. வறண்ட கோடையில் செஞ்சிலந்திப் பேன் குடியேற வசதி. வெளிப்பச்சை வெளுத்திருந்தால் அடியில் வெள்ளைக் காகிதத்தைப் பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் அதுதான். குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்தாலே பாதி போய்விடும். தில்லித் தூசும் போகும்.

பிறகு அடிக்கிளைகள். கனமான கிளையை ஒரே வெட்டில் எடுத்தால், விழும்போது தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். தண்டிலிருந்து ஓரடி தள்ளிக் கீழ்ப்பக்கம் பாதி அறுத்து, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் பாரம் இறங்கிவிடும். மிச்சக் கட்டையைக் கடைசியாக எடுக்க வேண்டும். தண்டோடு ஒட்ட வழிக்கக் கூடாது. கிளை தண்டில் சேரும் இடத்தில் வளையம் போலப் புடைத்திருக்குமே, அதற்கு வெளியே. அந்தப் புடைப்புதான் காயத்தை மூடும். வெட்டுவாயில் பெயின்ட் பூசத் தேவையில்லை. மாலிக்கு இதில் திருப்தி இல்லை. பூசாமல் விட்டோம்.

பக்கங்களில் நீண்டு தெருவை மறித்த கிளைகளை நுனியில் சீவாமல், ஒவ்வொன்றாக உள்ளே தேடி, பச்சையுள்ள பக்கக் கிளை பிரியும் இடத்தில் கவாத்துக் கத்தரியால் எடுத்தோம். வெட்டு மறைந்துவிடும், மரம் தானாகவே மெலிந்தது போலத் தெரியும். அலங்காரக் கத்தரியால் சீவுவது பத்து நிமிட வேலை, இது அரை நாள். மொத்தப் பச்சையில் கால் பங்குக்கு மேல் எடுக்கவில்லை. மாலையில் முன்னறைக்குள் வெயில் தரைவரை வந்தது. மாடி வீட்டுக்காரர் எட்டிப்பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டோம்.

மிச்சம் இருந்தது மொட்டை மரம். துளிர்க்காது என்று அம்மாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப எடுத்துடலாமா?" என்றார். அந்த ஒற்றைப் பச்சைக் கிளையைக் காட்டினேன். இந்த மரத்தின் கிளைகள் இயல்பாகவே மேல்நோக்கி வளரும். அதை ஒரு மூங்கில் கழியோடு சேர்த்து மெல்ல நிமிர்த்திக் கட்டினால், அதுவே புதிய உச்சியாகும். செத்த கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம். உத்தரவாதம் இல்லை, வாய்ப்பு இருக்கிறது.

கட்டக் கம்பியை எடுத்தார் மாலி. கம்பி பட்டையை அறுக்கும் என்றேன். அம்மா உள்ளே போய்ப் பழைய வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து, நீளநீளமாகக் கிழித்துக் கொடுத்தார். எட்டு போட்டுத் தளர்வாகக் கட்டினோம்.

மழைக்காலம் முடிந்து செப்டம்பரில் போனேன். கிளை நிமிர்ந்திருந்தது. நுனியில் நாலு விரற்கடை புது வளர்ச்சி, வெளிர்ப் பச்சையில். கட்டுகளை அவிழ்த்துக் கொஞ்சம் மேலே மாற்றிக் கட்டினேன்.

"அந்தப் பக்கத்து மரம் அளவுக்கு வர எத்தனை வருஷம் ஆகும் தம்பி?"

"இருபது வருஷமாவது ஆகும்மா."

"சரி" என்றார். "தண்ணி தெனம் விடணுமா, ஒரு நாள் விட்டு ஒரு நாளா?"

இது தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும் மரம். மேல்மண் ஓரங்குலம் காய்ந்த பிறகு விட்டால் போதும் என்றேன். விரலை மண்ணில் விட்டுப் பார்த்துவிட்டு, வாளியை உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.