மார்ஷலுக்கு முந்திய தீர்ப்பு

அரசமைப்புக்கு முரணான சட்டத்தைச் செல்லாததாக்கும் அதிகாரத்தை 1803இல், மார்பரி எதிர் மாடிசன் வழக்கில், தலைமை நீதியரசர் ஜான் மார்ஷலே படைத்தளித்தார் என்று அமெரிக்காவில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் பலரும் நம்புகின்றனர். வரலாற்றைத் தனிமனித வழிபாடாகச் சுருக்கும் திரிபு இது.

பிரித்தானியப் பக்கம் நின்ற தந்தையிடமிருந்து பறிமுதலான சொத்தை மீட்க, வட கரோலினாவில் எலிசபெத் பேயார்ட் வழக்குத் தொடுத்தார். அத்தகைய வழக்குகளை நடுவர் குழு விசாரணையின்றியே தள்ளுபடி செய்யுமாறு மாநிலச் சட்டம் பணித்தது. அச்சட்டம் செல்லாதென 1787இலேயே நீதிமன்றம் துணிந்து தீர்த்தது. வெறுக்கப்பட்ட தரப்புக்கும் விசாரணை உண்டு என்பதே அதன் பொருள். (ஈற்றில் நடுவர் குழு அவரைக் கைவிட்டது வேறு கதை.)

மார்ஷலோ, வெளியுறவுச் செயலராக இருந்தபோது மார்பரியின் நியமன ஆணையை அனுப்பத் தவறியவர். அவ்வழக்கை விசாரித்தவரும் அவரே! பாடநூலில் பேயார்ட் பெயர் உண்டா எனப் பெற்றோர் புரட்டிப் பார்க்கட்டும்.